மேளம் நின்ற இடம்

மலர்கொடிக்குக் கோபம் வந்தால் கால் தானாகக் கரன்ட் ஆபீஸ் பக்கம் திரும்பிவிடும். மந்தாரக்குப்பத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் போவாள், மிக்சி சூடேறினாலும் போவாள். போய் நின்று, "எங்க ஊரு நெலத்தத் தோண்டி, எங்கப்பன் கெணறு இருந்த எடத்துலருந்து கரி எடுத்து, கரன்ட்டு பண்ணி எங்கெங்கியோ அனுப்பிகினு இருக்கீங்க. பக்கத்துலயே குந்திகினு இருக்கிற எனக்கு ஃபேனு சுத்தல. இது எந்த ஊரு நாயம்?" என்பாள். அங்கே இருப்பவர்களுக்கு அது மனப்பாடம். இவள் "எங்க ஊரு" என்று வாயெடுத்ததுமே லைன்மேன் வெங்கடேஷ் "கெணறு" என்று எடுத்துக் கொடுப்பான்.

அவள் கோபத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அப்பாவின் இரண்டு காணி நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. கிணறு இருந்த இடத்தில் இப்போது அதைவிடப் பெரிய பள்ளம். இவள் நெய்வேலி டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். பிளாக் பிளாக்காக மரத்தடி கூட்ட வேண்டும். காலை ஆறு மணிச் சங்குக்கு விளக்குமாற்றோடு நிற்பாள், மதியம் இரண்டு மணிச் சங்குக்கு வீடு திரும்புவாள். பத்தொன்பது வருஷமாக இதுதான்.

ஆனால் நிலம் போனதே தவிர, தொண்டை போகவில்லை. நடவு வயலில் பாடிய தொண்டை அது. தெருவில் எந்த வீட்டில் காதுகுத்து என்றாலும் மலர்கொடியைக் கூப்பிடுவார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு தெருமுனையில் திரும்பும்போது, அந்த மாமன் பேரையும் அவர் ஊர்ப் பேரையும் அவர் கொண்டுவரும் தட்டுகளையும் அங்கேயே கோத்துப் பாடுவாள். ஒரு தடவை யாரோ அதை போனில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் வேறொரு வீட்டுக் காதுகுத்தில் அதே பாட்டு ஸ்பீக்கரில் அலறியது. அங்கே வந்த மாமன் வேறு, பாட்டில் இருந்த மாமன் வேறு. வந்தவர் தட்டைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

மலர்கொடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் பாட்டைத் திருடியதற்காக அல்ல. "யாரு வூட்டு மாமன் பேர யாரு வூட்டுல போடுறது? அந்த ஆளு பலாப்பழம் தூக்கிகினு வந்து நிக்கிறாரு, வேற எவனையோ வா வான்னு கூப்புட்டுகினு இருக்குது பாட்டு" என்று இரண்டு நாள் பொருமினாள். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டுப் பாட்டைத் தானே பதிவு செய்து கொடுத்துவிடுவது.

அப்படித்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவள் வீட்டுக்கு வந்தது. பாட்டுப் பதிகிற சாப்ட்வேரை போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். ஆறாவது வரை தமிழ்தான் படித்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்துகளுக்குப் பதில் நிறங்களை அடையாளம் வைத்துக்கொண்டாள். மஞ்சள் கோடு தன் குரல். பச்சைக் கோடு குலவை. சிவப்புக் கோடு மேளம்.

மேளம்தான் சண்டித்தனம் செய்தது. குரலைப் பாடிப் பதியலாம், குலவைக்குப் பக்கத்து வீட்டு நசீமா இருந்தாள். வாத்தியத்துக்கு எங்கே போவது? பிளகின் என்று ஒன்று இருக்கிறது, ஆளில்லாமல் வாத்தியம் மட்டும் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், கீபோர்டில் சாவியைத் தட்டினால் நாயனம் ஊதும், மேளம் கொட்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நாயனத்தை இறக்கினாள். பாட்டுகளை வைக்கிற இடத்திலேயே அதையும் வைத்தாள். சாப்ட்வேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. மூன்று நாள் சாயங்காலம் முழுக்கத் தேடிய பிறகுதான் தெரிந்தது, பிளகினுக்கென்று தனி அலமாரி உண்டு, அதில் வைத்து, 'போய்ப் பார்' என்று சாப்ட்வேருக்கு ஒரு பட்டனும் அழுத்த வேண்டும் என்று. நல்ல கதை! சாமான் வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்க அதற்கு ஒரு ஆர்டர் வேண்டுமாம்.

நாயனம் ஒருவழியாக ஊதியது. மேளம் அதுவும் இல்லை. அது வேறு வயசுக் கம்ப்யூட்டருக்குச் செய்த மேளமாம். கடைசியில் கம்ப்யூட்டரையே துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கீபோர்டு, ஸ்பீக்கர் விற்கிற கடை. சுபாஷ் என்று முப்பது வயசுப் பையன் நடத்துகிறான். ஒரு மணி நேரத்தில் மேளத்தைப் போட்டுக் கொடுத்து, அதற்கான காசையும் குறையில்லாமல் வாங்கிக்கொண்டான்.

"தொறக்கும்போது ஒரு பெட்டி வருதே தம்பி, இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதியிருக்குது?"

"அது சும்மா வணக்கம் சொல்ற மாதிரிக்கா. வலது பக்கத்துப் பட்டன அழுத்திட்டு நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருங்க."

அவளும் அழுத்தினாள். தினமும் அழுத்தினாள். மேளம் என்றால் அப்படி ஒரு மேளம், தோல் அதிர்வது காதில் கேட்கும். ஒரே ஒரு குறைதான். நன்றாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயடைத்துவிடும். இரண்டு மூச்சு நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் கொட்டும்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டிருப்பாள். மலர்கொடி நெய்வேலிக்காரி. சத்தம் நின்றால் கரன்ட்டுதான். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தாள். அப்போதும் நின்றது. நசீமா தையல்காரி. அவள் மிஷினில் மோட்டார் இருக்கிறது, அதுதான் கரன்ட்டை இழுக்கிறது என்று சுவரைத் தட்டிச் சண்டை பிடித்தாள்.

"ஏக்கா, என் மிஷினு ஜாக்கெட்டுதான் தைக்குது. ஒன் மேளத்தயா புடிச்சித் தைக்குது?" என்றாள் நசீமா.

"ரெண்டு நாளு நிறுத்தி வையி. பாப்போம்."

"ரம்ஜான் துணி மலையாட்டம் கிடக்குது. நீ வேணா ரெண்டு நாளு பாடாம இரேன்."

ஆனாலும் மலர்கொடி பதிவு செய்கிற நேரத்தில் நசீமா மிஷினை விட்டு எழுந்து நின்றுகொள்வாள். அப்போதும் மேளம் நின்றது. "அப்ப மெயின்லயே கொறையுது" என்று முடிவு கட்டி, கரன்ட்டு திடமாக இருக்கும் என்று நம்பி விடியற்காலையில் எழுந்து பதிய ஆரம்பித்தாள்.

காடாம்புலியூர் உமாராணியின் பாட்டையும் அப்படித்தான் பதிந்தாள். உமாராணிக்கு ஒரே ஆண் குழந்தை, ஒரு வயசு முடிந்து காதுகுத்து. குழந்தையின் தாய்மாமன் தங்கராசு, முந்திரி வியாபாரி. நேரடி மேளம் வைக்கவில்லை, பாட்டு வண்டிதான். அன்று விடிந்தபோதே சவுண்டு செட் வண்டி வாசலில் நின்று ஆரன் அடித்தது. முழுசாகப் பாட்டு தயாரானதும் முதல் அடியை மட்டும் கேட்டாள், மேளம் கணீரென்று இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அந்தப் பாட்டு செய்த அநியாயத்தைக் கேளுங்கள்.

தங்கராசு இருபத்தொரு தட்டோடு தெருமுனை திரும்பி வாசலுக்கு வருகிறார். பாட்டு அவரை ஊர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. நடுவழியில் மேளம் ஒரு தடவை விட்டுப்போனது கூட்டத்து இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. காலை வாசற்படியில் வைக்கப் போகிறார். "தங்கமான தாய்மாமன் தங்கராசு வாராரு" என்ற அடி வருகிறது. மேளம் நின்றுவிட்டது. குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது, மேளம் ஊமை.

அந்தப் பக்கத்தில் மாமன் வாசலேறும்போது மேளம் உச்சத்துக்குப் போக வேண்டும். நிறுத்தினால், உன் சீர் எங்களுக்கு வேண்டாம், திரும்பிப் போ என்று அர்த்தம். பழைய சண்டைகளில் அப்படி நிறுத்தியே மாமன்களை அனுப்பியிருக்கிறார்கள். தங்கராசுக்கும் உமாராணியின் வீட்டுக்காரருக்கும் போன பொங்கலில் ஒரு வாய்த்தகராறு வேறு நடந்திருந்தது. தங்கராசு படியில் வைக்கப் போன காலைப் பின்னால் எடுத்தார். மச்சானை ஒரு பார்வை பார்த்தார். தட்டுகளோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். பிறகு எங்கே காதுகுத்து? தாய்மாமன் மடியில் உட்கார வைத்தல்லவா குத்த வேண்டும். சமைத்த சோறும் குத்தாத காதும் மிச்சம்.

இரண்டு மணிச் சங்கு ஊதி மலர்கொடி வீடு திரும்பும்போது உமாராணி வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? எங்கண்ணன் போன எடுக்க மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு சொல்லித்தான் நீ மேளத்த நிறுத்துனன்னு நம்பிகினு இருக்குது. இவரு எங்கம்மா மேல சத்தியம் பண்றாரு, அது காதுலயே வாங்கல. எம்புள்ளைக்கு ஆயுசுக்கும் காது குத்த முடியாதா?"

மலர்கொடிக்குக் கோபம் தலைக்கேறியது. கால் எங்கே திரும்பும்? கரன்ட் ஆபீசுக்குத்தான். உமாராணியைக் கையோடு இழுத்துக்கொண்டே போனாள்.

"வெளிய வாங்கய்யா! ஒரு கொழந்தையோட காதுகுத்த நிறுத்திட்டீங்க. மாமனையும் மச்சானையும் பிரிச்சிட்டீங்க. எங்க ஊரு..."

வெங்கடேஷ் இந்தத் தடவை கிணற்றை எடுத்துக் கொடுக்கவில்லை. உமாராணி அழுவதைப் பார்த்து, எழுந்து வந்து என்ன ஏதென்று விசாரித்தான். பாட்டை போனில் போடச் சொல்லிக் கேட்டான். மேளம் நின்ற இடம் வந்தது. மறுபடியும் போடச் சொன்னான்.

"யக்கா, கரன்ட்டு கொறஞ்சா கம்ப்யூட்டரே நின்னுடுமே. இதுல ஒன் கொரலு நல்லாக் கேக்குது, நாயனம் ஊதிகினே இருக்குது. மேளம் மட்டும் நிக்குது. மேளத்துக்குன்னு தனியா ஒரு கம்பி இழுத்துக் குடுத்திருக்கோமா நாங்க?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மலர்கொடி சிரிக்கவில்லை. "ரொம்பப் பேசாத" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் வாய் அவனைத் திட்டிக்கொண்டே வந்தது. மனசோ அவன் சொன்னதையே பிடித்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பாட்டைத் திறந்தாள். நசீமாவும் கத்தரிக்கோலோடு வந்து பின்னால் நின்றாள். மேளத்தை மட்டும் ஓடவிட்டார்கள். நின்றது. மறுபடி கொட்டியது, மறுபடி நின்றது. நான்காவது தடவை நின்றபோது நசீமா, "எக்கா, அத பாரு" என்று கம்ப்யூட்டருக்கு மேலே கையைக் காட்டினாள். சுவர்க் கடிகாரம்.

"இன்னாத்த பாக்கச் சொல்ற?"

"அந்தச் செவப்பு முள்ளு. போன தடவையும் ஏழுலதான் இருந்துச்சு."

மலர்கொடி பாட்டை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்தாள். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஏழைத் தொட்டது. மேளம் நின்றது. இன்னொரு சுற்று. ஏழு. நின்றது.

பத்தொன்பது வருஷம் சங்குக்கு எழுந்து சங்குக்குத் திரும்புகிறவளுக்கு நேரம் தவறாத விஷயம் எப்படி இருக்கும் என்று தெரியும். "ஏண்டி நசீமா, கரன்ட்டு என்னைக்காவது சொன்ன நேரத்துக்குப் போயி சொன்ன நேரத்துக்கு வந்திருக்குதா? இது ஷிப்ட்டு சங்காட்டம் நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிக்குது. எவனோ வேணும்னே வெச்சிருக்கான்."

மேளத்தை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். அந்த வணக்கம் சொல்கிற பெட்டி வந்தது. இந்தத் தடவை பட்டனை அழுத்தவில்லை. போன் கேமராவை அதற்கு நேராகப் பிடித்தாள். இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்துக் காட்டுகிற வசதி போனில் இருந்தது, ரேஷன் மெசேஜுக்கெல்லாம் அதைத்தான் பிடிப்பாள். போனிலிருந்து ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாகப் படித்தது: "இது சோதனைப் பதிப்பு. ஒவ்வொரு அறுபது வினாடிக்கும் ஒலி நிறுத்தப்படும். முழுப் பதிப்பை வாங்கவும்."

நசீமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மலர்கொடி அதை மறுபடியும் ஒரு தடவை படிக்க வைத்துக் கேட்டாள். அத்தனை நாள் அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரே வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. மேளத்தைச் செய்தவன் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறான். கூச்சமில்லாமல் மறைத்தது இடையில் இருந்த கடைக்காரன். படிக்கத் தெரியாது என்று தெரிந்துகொண்டு வணக்கம் என்றானே! அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அவள் விரலாலேயே அல்லவா அவள் வாயை அடைக்க வைத்திருக்கிறான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பண்ருட்டிக்குப் போனாள். நூல் வாங்க வேண்டும் என்று நசீமாவும் கூட வந்தாள். நூல் வாங்க அல்ல, வேடிக்கை பார்க்கத்தான்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சுபாஷ் இவளைப் பார்த்ததும், "வாங்கக்கா, மேளம் எப்படி?" என்றான்.

"நல்லாக் கொட்டுது தம்பி. நிமிஷத்துக்கு ஒருவாட்டி செத்துச் செத்துப் பொழைக்குது."

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "அது ட்ரையல்க்கா. எல்லாருக்கும் அதான் போட்டுத் தரோம். ஃபுல்லு ரொம்ப வெலை. பெட்டியில தெளிவா எழுதியிருக்குதே. நீங்கதான் படிக்காம அழுத்திட்டீங்க."

"அழுத்துன்னு சொன்னது யாரு?"

"நான் சும்மா..."

"எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நான் இன்னா பண்றது?"

"வணக்கம்னு சொல்லாம இருந்திருக்கலாம்."

நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுபாஷ் அவளை ஓரமாக அழைத்தான். "கோவப்படாதீங்க. என்கிட்ட ஃபுல்லு ஒண்ணு இருக்குது. ஒங்களுக்குச் சும்மாவே ஏத்தி விடுறேன். வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"சொல்றதுக்குத்தானே வந்திருக்கேன்! ஒன் மேளம் எனக்கு வேணாம். நீ காடாம்புலியூர் வா. அந்த மாமன் மொகத்தப் பாத்து, மச்சான் நிறுத்தல, நான் குடுத்த சரக்குதான் நின்னுச்சுன்னு சொல்லு. அது போதும்."

"கடைய வுட்டுட்டு எப்படிக்கா வர முடியும்?"

"சரி. கடையிலயே இரு."

மலர்கொடி நேராக வாசலுக்குப் போனாள். ஆள் பிடிக்க வெளியே ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தான். அதில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். சவுண்டு செட்காரர்களோடு பழகியவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேளம் கொட்ட ஆரம்பித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷத்தில் நின்றது. நின்றதும் மலர்கொடி கையைத் தட்டி, "இந்தக் கடையில வாங்குன மேளம்! மாமன் பேரச் சொன்னா நிக்கும்!" என்று பாடுகிற தொண்டையில் கூவினாள். மறுபடியும் மேளம். மறுபடியும் நின்றது. மறுபடியும் கூவல். சுபாஷ் வந்து நிறுத்தப் பார்த்தான். நசீமா நூல் பையோடு ஸ்பீக்கரின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்கக்கா."

"கால் வலிக்குதுப்பா. நீ போயி யாவாரத்தப் பாரு."

உள்ளே இருந்தவர்களில் ஒருவர், "தம்பி, போன மாசம் எங்க கோயிலுக்கு உடுக்கை போட்டுக் குடுத்தியே, அதுவும் அப்பப்ப நிக்குது. நாங்க ஸ்பீக்கரு ஒயரு போச்சுன்னு மாத்திட்டோம்" என்றார். இன்னொருவர் வாங்க எடுத்த கீபோர்டை மெதுவாக மேஜை மேல் வைத்தார். பதினோரு தடவை மேளம் நின்றது. பன்னிரண்டாவது தடவை நிற்பதற்குள் சுபாஷ், "வரேன்க்கா. எந்த நாளுன்னு சொல்லுங்க" என்றான்.

அடுத்த முகூர்த்தம் எட்டு நாளில். சுபாஷ் வந்து சொன்னால் மட்டும் போதாது, நிற்காத மேளமும் வேண்டும். அவன் மேளத்தைத் தொடுவதில்லை என்று சொல்லியாயிற்று. சொன்ன சொல்லை விடுகிறவளா அவள்? சாப்ட்வேரோடு சும்மாவே வந்த காலிப் பெட்டி ஒன்று இருந்தது, சாம்ப்ளர் என்று பேர். நாமே பதிவு செய்த சத்தத்தை ஒவ்வொரு சாவிக்கும் ஒன்றாக அதில் வைத்துக்கொள்ளலாம். வைத்துவிட்டால் அது நம்முடைய வாத்தியம். யாரும் அதற்குப் பூட்டுப் போட முடியாது.

தெருக்கோடித் தவில்காரர் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டாள். நசீமாவின் தையல் அறையில் உட்கார வைத்தாள். நாலு சுவரிலும் துணி தொங்குகிறது, சத்தம் மோதித் திரும்பாது, பாட்டுப் பதிய அதைவிட நல்ல இடம் மந்தாரக்குப்பத்தில் கிடையாது. மைக்கை வைத்து, "ஒரே ஒரு அடி அடிங்கண்ணே" என்றாள்.

அவர் தடதடவென்று ஒரு ஆவர்த்தனமே வாசித்துவிட்டார்.

"ஒரு அடிதாண்ணே கேட்டேன்."

"ஒரு அடி அடிச்சி நிறுத்த நான் இன்னா கதவு தட்டவா வந்திருக்கேன்? கை நிக்க மாட்டேங்குதும்மா."

"நின்னாத்தாண்ணே நிக்காத மேளம் கெடைக்கும்."

அது என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். வலது பக்க வலந்தலையில் லேசாக ஒன்று, ஓங்கி ஒன்று, விரலில் மாட்டிய கூட்டோடு உருட்டி ஒன்று. இடது பக்கத் தொப்பியில் குச்சியால் ஒன்று, கை வைத்து அமுக்கி ஒன்று. பதினான்கு அடி தேறியது. ஒவ்வொன்றையும் வெட்டிச் சாவி சாவியாக வைத்தாள் மலர்கொடி. முதல் நாள் சாவியைத் தட்டினால் சத்தம் கொஞ்சம் தாமதித்துப் பின்னால் வந்தது. "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அதையும் திட்டினாள். வீடியோ பார்த்து ஒரு எண்ணைக் குறைத்தாள், சரியாக வந்தது. நாலு நாள் சாயங்காலத்தில் பாட்டு முடிந்தது. இந்தத் தடவை பாட்டின் முதல் வரியோடு விடவில்லை. கடைசி வரை ஐந்து தடவை கேட்டாள், கண் கடிகாரத்திலேயே இருந்தது.

ஊர்க்காரர்கள் தூது போனதில் முகூர்த்த நாளில் தங்கராசு வந்தார். வந்தவர் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. தட்டெல்லாம் டிக்கியில் இருந்தன. உமாராணி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் முன்னால் பார்த்தபடி இருந்தார். மலர்கொடி சுபாஷின் முழங்கையைப் பிடித்துக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சொல்லு."

"வணக்கங்க. நாந்தாங்க அந்த மேளத்த..."

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் தங்கராசு. திரும்பவில்லை.

"யாரும் சொல்லலிங்க. அது தானா நிக்கும்."

"என் பேருக்கு மட்டும் தானா நிக்குமா?"

"பேரு கீரெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க. நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிக்கும். காசு குடுத்து முழுசா வாங்குற வரைக்கும் அப்படித்தான்."

"அது ஒனக்குத் தெரியுமா?"

மலர்கொடி சுபாஷின் முழங்கையை இறுக்கினாள்.

"தெரியுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

தங்கராசு முதல் தடவையாகத் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மடப்பயலே, ஒன்னால ஒம்போது நாளா நான் என் தங்கச்சிகிட்ட பேசல. முந்திரிக் கொட்டையில நாலு சொத்தை இருந்தாலே சொல்லித்தான் விக்கிறோம் நாங்க." பிறகு மலர்கொடியிடம், "பாட்டப் போடும்மா. என் பேரு வர்ற எடத்துல நிக்குதான்னு பாக்குறேன். நின்னுச்சு, இப்படியே வண்டியத் திருப்பிடுவேன்" என்றார்.

பாட்டு ஆரம்பித்தது. தட்டுகள் இறங்கின. பலாப்பழம், வெல்லம், பட்டு, தோடு. எல்லோரும் தங்கராசுவைப் பார்த்தார்கள். மலர்கொடி கைப்பேசியில் ஓடுகிற வினாடியைப் பார்த்தாள். அறுபது தாண்டியது. மேளம் கொட்டியது. அடுத்த அறுபதும் தாண்டியது. வாசல் வந்தது. தங்கராசு படிக்கு முன்னால் நின்றுவிட்டார், காலைத் தூக்கவில்லை. "தங்கமான தாய்மாமன்" என்றது மலர்கொடியின் குரல். "தங்கராசு வாராரு" என்றது. பன்னீர்செல்வத்தின் பதினான்கு அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மிதித்துக்கொண்டு ஓடின. அந்த வரி முழுசாக முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, அவர் படியேறினார். வாசலில் நின்ற மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தங்கராசு அதை வாங்கி மறுபடியும் மச்சான் தோளிலேயே போட்டார்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை மாமன் மடியில் வீறிட்டது. மேளத்துக்கு மேலே கேட்டது அந்தச் சத்தம்.

பந்தி போட்டார்கள். சுபாஷ் மெதுவாக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான். மலர்கொடி பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போற? குந்து. விசேஷ வூட்டுக்கு வந்தவன் பசியோட போவலாமா?"

"இல்லக்கா, கடையில..."

"குந்துன்னேன்."

உட்கார்ந்தான். இலை விழுந்தது, சோறு விழுந்தது. மலர்கொடியும் பக்கத்திலேயே உட்கார்ந்து, இலையின் ஓரத்தில் அவன் போனை எடுத்து வைத்தாள்.

"அந்த உடுக்கைக்காரரு, கோயிலு. அவருக்குப் போடு. அப்புறம் யார் யாருக்குக் குடுத்தியோ ஒவ்வொருத்தருக்கா. அந்தப் பெட்டியில இருக்கிறது வணக்கம் இல்ல, சத்தம் நிக்கும்னு எழுதியிருக்குதுன்னு சொல்லு."

"அக்கா, எத்தினி பேரு தெரியுமா? சாப்புட்டுட்டுச் சொல்றேனே."

உமாராணி பாயசத்தைக் கொண்டுவந்து அவன் இலைப் பக்கம் குனிந்தாள். மலர்கொடி தம்ளரை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல போனு" என்றாள்.